கிளட்ச் பெடலே இல்லை, கால்தான் சரியில்லையாம்

ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர் எதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்? இடது காலுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான். அந்தக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. பிரேக் ஒன்று, ஆக்சிலரேட்டர் ஒன்று. அந்த வண்டியிலும் கிளட்ச் அதிர்ந்தால், நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் கண்டுபிடித்தது. நோபல் குழுவின் கண்ணில் இது எப்படிப் படாமல் போனதோ!

கியர்பாக்ஸின் பெயர் பவர்ஷிஃப்ட். ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈக்கோஸ்போர்ட் ஆகிய வண்டிகளில் வந்தது. மூன்றும் மாதத் தவணை கட்டுகிற குடும்பங்கள் வாங்குகிற கார்கள். அங்கே விற்ற ஈக்கோஸ்போர்ட் நம் மறைமலை நகரிலிருந்து கப்பலேறிப் போனதுதான். உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் முங்காத உலர் ரகம். பெட்ரோல் மிச்சமாகும் என்றார்கள். சீல் கசிந்து, உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சில் எண்ணெய் படிந்தது. சிக்னலில் பச்சை விழுந்து வண்டி நகர்ந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலிருந்து பின்சீட்டுப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் வரை கடகடவென்று நடுங்கும். மிதித்தால் வண்டி யோசிக்கும். எதிரே லாரி வந்தாலும் அவசரப்படாமல்தான் யோசிக்கும்.

அங்கே விற்ற சுமார் 70,000 பவர்ஷிஃப்ட் வண்டிகளில் பாதி, ஒரு முறையாவது கியர்பாக்ஸ் பழுதுபார்க்கப் போனவை. பாதி ஆஸ்திரேலியாவுக்கும் ஒரே நேரத்தில் கார் ஓட்ட மறந்துவிட்டது போலிருக்கிறது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணலாகக் கூடம் கட்டியவன், உனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்றான். கோணல் என்று தெரிந்தேதான் சொன்னான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை என்றே பதில். மாற்று வண்டி வேண்டுமா, கையிலிருந்து கணிசமாகப் போடுங்கள் என்றார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'விசுவாசத் திட்டம்' என்று பெயர் வைக்கவும் ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது. அப்படித் திரும்பி வந்த வண்டிகளை என்ன செய்தார்கள்? கோளாறைச் சொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டினார்கள்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம், மனசாட்சிக்கு விரோதமான நடத்தை என்று சொல்லி 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெரிய தொகைதான். விற்ற வண்டிகளுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 143 டாலர் வரும். அதுவும் அரசுக்கு, வண்டிக்காரருக்கு அல்ல. 2017இல் ஃபோர்டின் உலக வருவாய் 15,600 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அந்தக் கணக்கில் இந்த அபராதம் அரை மணி நேர வரவுகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்த் திரும்புவதற்குள் சம்பாதித்துவிடலாம்.

வண்டிக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், வண்டிகள் தரமற்றவை என்று 2021இல் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற தகராறு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏறி 2024 நவம்பர் வரை இழுத்தது. பவர்ஷிஃப்ட்டே தேவலை என்று தோன்றுகிற வேகம்.

நம்மூர் சர்வீஸ் சென்டரிலும் இந்த வசனம் நன்றாகவே புழங்குகிறது. "டிரைவிங் ஸ்டைல் அப்படி சார்" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் சண்டை போடாதீர்கள். அதையே ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.