தாழ்தரை ஊர்தியும் மாரிக்கால மதுரையும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

தரைக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி மட்டும் விட்டு ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை, ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் மதுரைக்குள் ஓட்ட முடியுமா என்ற வினாவை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. தெருவுக்கு இரண்டு முனைவர்கள் குடியிருக்கும் ஊரில் இப்படியொரு தலைப்பு யார் கையிலும் அகப்படாமல் தப்பியது வியப்புதான். ஆய்வுப் பரப்பு: வடகிழக்கே ஒத்தக்கடை, மேற்கே உசிலம்பட்டி, தெற்கே திருமங்கலம், கிழக்கே சிலைமான். கருதுகோள்: மற்ற ஊர்களில் கிலோமீட்டரில் அளக்கப்படும் இந்தக் கார், மதுரையில் மில்லிமீட்டரில் அளக்கப்பட வேண்டியது. கார் உரிமையாளர்களை மழை நாளில் பேட்டி காணலாம் என்று போனால், அவர்கள் எல்லோரும் மாருதியில் வெளியே போயிருந்தார்கள்.

முன்னாய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும், ஆகவே குளிர்கால டயருக்கு மாறிக்கொள் என்பது அவர்களுடைய முதல் விதி. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லாவைத் தேடுகிற ஊர் இது. இங்கே டயர் விறைப்பதில்லை, ஓட்டுநர்தான் விறைக்கிறார். இரண்டாவது விதி, நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதந்து வழுக்குவது பற்றியது. விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 32 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். டயர் அகலமாக இருந்தால் அதற்கு முன்பே மிதக்கும், ஸ்போர்ட்ஸ் கார் டயரோ அகலமானது. சூத்திரத்தில் பிழையில்லை. மழை நாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு, கோரிப்பாளையம் சந்திப்பில் 94 கி.மீ. வேகம் எடுக்கிறவரைக் கண்டுபிடித்துத் தந்தால் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இனி வேகத்தடை. ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற நெறிமுறை, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படி மெல்ல வளைந்திருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 12.5 செ.மீ. இடைவெளி உள்ள லம்போர்கினி ஹுராகான், ஏட்டளவில், இரண்டரை செ.மீ. மிச்சம் வைத்துத் தாண்டிவிடும். ஆனால் நம் தெரு வேகத்தடைகள் அந்த ஏட்டைப் படித்தவை அல்ல. யாரோ வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டில், ராத்திரியோடு ராத்திரியாக எழுந்தவை. மழை பெய்ததும் இரண்டு பக்கமும் நீர் தேங்கி, தடை இருக்கும் இடமே தெரியாமல் போகும். முதலில் பம்பரின் உதடு உரசும். அடுத்து வயிற்றுக்கு நடுவிலிருந்து ஒரு 'கறக்' வரும். அது சேம்பர் என்றால் ஆயில் ஒழுகும். வேறெதுவாக இருந்தாலும் ஒழுகுவது பணம்.

வேகத்தடையைக் கடப்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்பது ஒன்று. கோணலாக ஏறினால் ஒவ்வொரு சக்கரமாக மேடேறும், வயிறு ஒரேயடியாகத் தட்டாது என்பது மற்றொன்று. இயற்பியல் கோணற்பள்ளியின் பக்கம். ஆனால் கோணலாக ஏற முழுச் சாலையும் வேண்டும், எதிரே ஷேர் ஆட்டோ வருகிறது. இந்தக் கட்டத்தில்தான் மதுரை தன் மரபறிவைக் காட்டுகிறது. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போட ஆள் நிற்பதைப் போல, டீக்கடையிலிருந்து நாலு பேர் இறங்கி வந்துவிடுவார்கள். ஒருவர் ஷேர் ஆட்டோவை மறிப்பார். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்னம் தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்து, காரின் அடிவயிற்றைப் பார்ப்பார். "இங்கிட்டு ஒடிங்கண்ணே… வரட்டும், வரட்டும்… போதும்ணே, அடி தட்டுது!" போர்ஷேக்காரர்கள் இதே வேலைக்கு மூக்கை 40 மி.மீ. தூக்கும் பொத்தானும், தூக்கிய இடத்தை ஜி.பி.எஸ். மூலம் நினைவில் வைத்து அடுத்த முறை தானே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடும் தருகிறார்கள். இங்கே அது செல்லாது. போன வாரம் மேடு இருந்த இடத்தில் இந்த வாரம் பாதாளச் சாக்கடைப் பள்ளம் இருக்கும்.

நீர்நிலை இயல் அடுத்து. கர்டர் பாலத்தடியில் மழைக்குப் பின் நிற்கும் நீரை மதுரைக்காரர்கள் வெறும் பார்வையாலேயே 'பைக் போகும், ஆட்டோ போகும், எதுவும் போகாது' என்று வகைப்படுத்திவிடுவார்கள். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அன்று எல்லா வண்டியும் மூன்றாம் வகைதான். வைகை அணை 66 அடியில் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுத்து, கரையோர மக்களை உஷார்ப்படுத்தும். தாழ்தரை ஊர்திக்கும் இதே முறையை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது: நீர் முன் நம்பர் பிளேட்டைத் தொட்டால் முதலாவது, மேட் நனைந்தால் இரண்டாவது, எதிரே டவுன் பஸ் வந்தால் மூன்றாவது. இந்தக் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண், பஸ்ஸின் வீல் நட்டுக்கு நேராக இருக்கும். பஸ் தள்ளிவிடும் செந்நீர் அலை பானெட்டில் ஏறிக் கண்ணாடியில் உடையும் வரை அவர் அதை இமைக்காமல் பார்க்கலாம், வேறு வேலை இருக்காது. அந்த நீர் காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'வண்டி தண்ணி குடிச்சிருச்சு' என்று மூன்றே சொல்லில் முடிக்கிறார்கள். நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். எல்லோரும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள்.

பந்தயக் கார் மட்டும் மழைக்கு அஞ்சாது என்பார்க்கு: 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடல் பார்முலா 4 பந்தயமே மழையால் தாமதப்பட்டது. ஆனாலும் பார்முலா 1 மழை டயர் ஒன்று, 300 கி.மீ. வேகத்தில் போனால், நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி வெளியே இறைக்கும் என்கிறது பிரெல்லி நிறுவனம். கர்டர் பாலத்தில் நீர் இறைக்கும் மாநகராட்சி மோட்டாருக்கு மாற்றாக இது ஆராயத்தக்கது. 300 கி.மீ. வேகத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

மார்கழியில் மழை ஓய்ந்தாலும் கோலம் இருக்கிறது. சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவின் உயரத்தை யாரும் அளந்ததில்லை; பம்பரில் ஒட்டி வரும் பூவை வைத்து ஊகிக்கலாம். அதைவிடக் கடுமையானது தை பிறந்தபின் வரும் அறுவடை. திருமங்கலம், உசிலம்பட்டி சாலைகளில் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு பரப்பி வைத்து, போகிற வண்டிகளே அடித்துத் தரட்டும் என்று விட்டுவிடுவார்கள். மற்ற வண்டிகள் மிதித்துவிட்டுப் போகும். தாழ்ந்த கார் வாரிக்கொண்டு போகும். காய்ந்த கொடி சூடான சைலன்சரில் சுற்றினால் தீப்பிடிக்கும் என்பதால், இது சிரிக்கிற விஷயமல்ல. ஓரமாக நிறுத்தி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஊர்தியின் இயல்பான வாழிடம் என்று இப்பரப்பில் ஒன்றே ஒன்றைத்தான் காட்ட முடிகிறது: 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் சாலை மேம்பாலம். 7.3 கி.மீ. நீளம், கொள்ளுக்கொடியும் கிடையாது. சிக்கல், அதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரைக்கு வந்தாக வேண்டும்.

இத்தாலியர்களும் கடைசியில் இறங்கி வந்தார்கள், அதாவது ஏறி வந்தார்கள். ஹுராகான் ஸ்டெராட்டோ என்ற பெயரில், 44 மி.மீ. உயர்த்தி, 1,499 கார்கள் மட்டும் செய்தார்கள். அதன் தரை இடைவெளி 171 மி.மீ.; மாருதி ஸ்விஃப்டுக்கு 163. எட்டு மில்லிமீட்டருக்கு விலை கோடிகளில். அவர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஃபெருச்சியோ லம்போர்கினி கார் செய்யத் தொடங்கியது 1963-இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் செய்துவந்தது டிராக்டர். திருமங்கலத்துக் கரிசல் சேற்றில் இந்தக் கார் பதிந்தால், அதன் பரம்பரைதான் வந்து இழுக்க வேண்டும். டிராக்டர்காரர் கயிற்றோடு குனிந்து, "கொக்கி எங்கண்ணே இருக்கு?" என்று கேட்பார். கொக்கி தனியாக எடுத்து மாட்டும் வகை, டூல் கிட்டில் இருக்கிறது. டூல் கிட் முன்பக்க டிக்கியில் இருக்கிறது. டிக்கியைத் திறக்கும் பொத்தான் எது என்பதில் ஓனருக்கும் டிரைவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.