ஒட்டாத வண்டி

நம்மவர்களுக்கு உறை என்றால் உயிர். புது சோபா வந்தால், அதன் பாலிதீனைக் கிழிக்க மனசு வருவதற்குள் அதில் ஏறிக் குதிக்க வேண்டிய பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும். டிவி ரிமோட் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தபடியே சேனல் மாற்றும். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு சட்டை, சிலிண்டருக்கு ஒரு பாவாடை, மிக்ஸிக்குப் பூப்போட்ட முக்காடு. கார் சீட்டில் கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக்கோ மே மாத வெயிலில் முதுகோடு ஒட்டி, நாம் இறங்கும்போது கூடவே இறங்கப் பார்க்கும். அப்போதும் எடுக்க மாட்டோம்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம், கண்ணுக்கே தெரியாத உறை ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்றுவிடலாம் என்று துணிந்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். அந்த உறையின் பெயர் செராமிக் கோட்டிங். காருக்கும் கடைக்கும் தகுந்த மாதிரி 15,000 ரூபாயில் ஆரம்பித்து 50,000 வரைக்கும் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி தனி. இவ்வளவும் கொடுத்துவிட்டுக் கோட்டிங் எங்கே என்று தேடினால் காணோம். அதன் கனமே ஒன்றிரண்டு மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு பானட்டைப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"அடிச்சிட்டாங்களா மாப்பிள்ளை, இல்ல இனிமேதானா?" என்றார்.

அவருக்கு இதில் முன்னனுபவம் உண்டு. அவருடைய பழைய காருக்கு டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்றை அடித்து அனுப்பியிருந்தார்கள். டெஃப்லான் என்பது 1938-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறு எதையோ தேடப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்த சமாசாரம். அது உருகுவதற்கே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். தவாவில் அதைப் பிடிக்கவைக்க அந்தச் சூட்டுக்கும் மேலே வைத்து வாட்டி எடுக்கிறார்கள். காரை அப்படி வாட்டினால் டயர், சீட், வங்கிக் கடன் பத்திரம் எல்லாம் சேர்ந்து உருகிவிடும். ஆகவே துணியில் தொட்டுத் தடவி, கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு மழையில் அது வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

செராமிக் விஷயம் அப்படியில்லை. உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. சிலிக்காவாக இறுகக்கூடிய பாலிசிலசேன் போன்ற சேர்மங்கள் கலந்த திரவம் அது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டை இறுகப் பற்றிக்கொண்டு, மெல்லிய கண்ணாடிப் படலம் மாதிரி ஆகிவிடும். சோப்புத் தண்ணீருக்கு அசையாது. வேண்டாம் என்றால் மிஷின் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இதை அடிக்கிற இடத்துக்கு ஒர்க்‌ஷாப் என்று சொன்னால் கோபம் வருகிறது. ஸ்டுடியோ. கூரை முழுக்க அறுகோண அறுகோணமாக எல்இடி விளக்கு. என் கல்யாண வீடியோவுக்குக்கூட யாரும் அவ்வளவு வெளிச்சம் போடவில்லை. அத்தனை விளக்கும் போதாதென்று அங்கிருந்த இளைஞர் டார்ச் ஒன்றை எடுத்துக் கதவின் மேல் அடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நுண்கீறல்கள்.

"ஸ்விர்ல் மார்க், சார்."

"தம்பி, இது புது வண்டி."

"ஆமா சார், தெரியுது. டெலிவரி குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா தொடச்சிருப்பாங்க."

கீறலுக்குக் காரணம் துடைத்தது! பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கிற்று. புழுதி மேல் காய்ந்த துணியைப் போட்டு இழுத்தால் அதுவே உப்புத்தாள். முதலில் நுரை போட்டுக் கழுவினார்கள். இரும்புத் துகளை எடுக்கும் திரவம் ஒன்றைத் தெளித்ததும் என் வெள்ளை வண்டி ஊதாக் கண்ணீர் வடித்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். பிரேக்கிலிருந்து தெறிக்கும் துகள்கள் பெயிண்டில் புதைந்துகிடக்குமாம், அவை கரைகிற வாசனையாம். அப்புறம் களிமண் கட்டி மாதிரி ஒன்றால் நீவினார்கள். அப்புறம் மீட்டர் வைத்து அளந்தார்கள்.

இந்த அளவில்தான் வேடிக்கை. கம்பெனி பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். அதில் கிளியர் கோட் நாற்பது ஐம்பது. கீறலைப் போக்க வேண்டுமென்றால் காம்பவுண்ட் போட்டு மிஷினால் அதிலேயே ஒன்றிரண்டு மைக்ரான் சீவ வேண்டும். ஆக, பெயிண்டைக் காப்பாற்றுவதற்காகப் பெயிண்டில் இரண்டு மைக்ரான் சீவி எடுத்து, அதே இடத்தில் இரண்டு மைக்ரான் கோட்டிங் பூசுகிறார்கள். சீவியதற்கும் பூசியதற்கும் பில் தனித்தனி.

சுவரில் ஒரு போஸ்டர். நடுவில் பெரிய வைரம், பக்கத்தில் '9ஹெச்'. வைரத்தையும் 9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், பள்ளியில் படித்த மோஸ் அளவுகோல் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? டால்க் 1, வைரம் 10. அப்படியானால் என் கார் வைரத்துக்குப் பக்கத்து வீடு என்று மனசு குளிர்ந்துபோகிறது. ஆனால் இந்த 9 அந்த 9 இல்லை. இது பென்சில் கணக்கு. 9பி-யில் தொடங்கி, பிள்ளைகள் எழுதும் ஹெச்பி வழியாக, 9ஹெச் வரை பென்சில்கள் உண்டு. முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் பாரத்தோடு பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் தழும்பு விழவில்லையோ அது அந்தப் பூச்சின் மார்க்.

அதாவது 9ஹெச் என்றால், உங்கள் காரை யாரும் பென்சிலால் கீற முடியாது. நிம்மதி. ஆனால் வேளச்சேரி மெயின் ரோட்டில் பென்சிலும் கையுமாகக் கார்களை வழிமறிப்பவரை நான் பார்த்ததில்லை. பார்ப்பதெல்லாம் ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, ஸ்கூட்டர் கொக்கியில் ஆடும் எவர்சில்வர் டிபன் கேரியர். ரோட்டு மணலில் இருப்பது குவார்ட்ஸ். அது மோஸ் கணக்கிலேயே 7. பென்சில் பரீட்சை பற்றியெல்லாம் அதற்குக் கவலை கிடையாது.

கல் தெறித்தாலும் தாங்க வேண்டுமென்றால் பிபிஎஃப் ஒட்டுங்கள் என்றார் இளைஞர். 150, 200 மைக்ரான் கனத்தில் பாலியூரித்தேன் ஃபிலிம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளைக் காப்பாற்றப் பிறந்த யோசனையாம் அது. விலை கேட்டேன். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கான விலைதான்.

கோட்டிங்கோடு வண்டி வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் கழுவக் கூடாது, நனையக் கூடாது, பறவை எச்சம் பட்டால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் வீட்டில் தினமும் மதியம் காக்காய்க்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. சோறு வைப்பது மொட்டை மாடியில்; அது நன்றி சொல்வது பார்க்கிங்கில். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பானட் 60 டிகிரியைத் தாண்டும்போது அது கிளியர் கோட்டை அரித்துவிடும். கோட்டிங் இருந்தால் அரிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் ஓடிப்போய்த் துடைக்க வேண்டியது வண்டிச் சொந்தக்காரனின் பொறுப்பு. நான் கல்லை எடுத்து ஓங்கியதைப் பார்த்து அத்தை பதறிவிட்டார்.

"முன்னோர்களைப் போய் விரட்டலாமா மாப்பிள்ளை?"

முன்னோர்களுக்கு இந்த வண்டியின் இஎம்ஐ பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிபந்தனை முடிந்து முதல் தண்ணீர் விட்ட அன்று, மறுக்காமல் சொல்கிறேன், கண்கொள்ளாக் காட்சி. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. அபார்ட்மெண்ட் வாண்டுகள் எல்லாம் கூடிவிட்டார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதைத்தான் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் பார்த்லாட் மைக்ரோஸ்கோப் வைத்து ஆராய்ந்து, 1997-இல் கட்டுரையாக எழுதினார். இலை மேலே நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால், தண்ணீர் 150 டிகிரிக்கும் மேலான கோணத்தில் கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்கிறது. உருளும்போது அழுக்கையும் கூட்டிக்கொண்டு போகிறது. கோட்டிங் அடித்த காரில் அந்தக் கோணம் 110 டிகிரி வாக்கில் நின்றுவிடும். பற்றறுத்தலில் தாமரை ஞானி என்றால், கோட்டிங் போன வாரம் தீட்சை வாங்கிய சம்சாரி.

அந்த முத்து முத்தான தண்ணீர்தான் விளம்பரப் படம். வெயிலில் அது காய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் படத்தில் காட்ட மாட்டார்கள். எங்கள் மடிப்பாக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் பஞ்சமில்லை. பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். தண்ணீர் மட்டும் ஆவியாகி, ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டமாகத் தங்கிவிடுகிறது. காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் உத்தமம் என்று யோசனையும் சொன்னார்கள். காருக்கு ஆர்ஓ, வீட்டில் பாத்திரத்துக்குப் போர் தண்ணீர் என்ற திட்டத்தை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை.

இனி, காலையில் கார் துடைக்க வரும் அண்ணன். ஒரு வாளி, ஒரு துணி, எங்கள் அபார்ட்மெண்ட் கார்கள் அத்தனையும். முதல் காரின் சேறு கடைசிக் கார் வரைக்கும் சமமாகப் பங்கிடப்படும். அவரிடம் இரண்டு வாளி முறையை விளக்கினேன். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர், அடியில் மண் தங்க ஒரு வலை, மைக்ரோஃபைபர் துணி, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில் கை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு வாளின்னா சம்பளமும் ரெண்டா சார்?"

நியாயமான கேள்வி. கடைசியில், "நீங்க தொடைக்கவே வேணாம்ணே, மாசம் குடுக்கறத குடுத்துடறேன்" என்றேன். முகம் வாடிவிட்டது. "எம்மேல எதுனா தப்பா சார்?" வேலை செய்யாமல் காசு வாங்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. நான் எழுந்திருப்பதற்கு முன்பே வந்து, யாருக்கும் தெரியாமல், அதே துணியால் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டுப் போகிறார். சம்பளத்துக்கு வஞ்சகம் செய்யாதவரை என்னவென்று கேட்பது?

கோட்டிங் முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதான் காப்பாற்றும்: மழை, வெயில், மரத்துப் பிசின், தார். உரிமையோடு வருகிறவர்களிடம் அதன் பாச்சா பலிக்காது. பானட்டில் சாய்ந்து அரசியல் பேசும் எதிர் ஃபிளாட் சார், புழுதியில் விரலால் தன் பெயர் எழுதிப் பழகும் யுகேஜி குழந்தை, வெங்காயப் பையைக் கூரை மேல் வைத்துவிட்டுச் சாவி தேடும் என் மனைவி, இவர்களுக்கெல்லாம் எந்த வேதிப் பொருளும் தடை போட முடியாது.

உச்சக்கட்டம் ஆயுத பூஜை. வண்டி பளபளவென்று நின்றது. அத்தை குளித்து மடியாக வந்து, மூன்று விரலால் விபூதியைக் குழைத்து முன்கண்ணாடியில் பட்டை இழுத்தார். மூன்று கோடு முப்பது துளியாகப் பிரிந்தது. பானட்டில் சந்தனம் வைத்தார். பொட்டு ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, குங்குமத்தையும் கூட்டிக்கொண்டு மெல்ல நழுவி நம்பர் பிளேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் கெட்டியாகக் குழைத்து வைத்தார். அதுவும் கிளம்பிற்று. பக்கத்தில் நின்ற, பெயிண்ட் வெளுத்த கார் நெற்றி நிறையப் பொட்டோடு லட்சணமாக இருந்தது.

"சாமி சந்தனமே தங்காத வண்டியில மனுஷங்க எப்படிப் போறது?" என்றார் அத்தை.

மாமனார் மட்டும் முதல்முறையாகத் தலையசைத்தார். "அடிச்சிருக்காங்க மாப்பிள்ளை. இப்ப ஒத்துக்கறேன்."

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டயருக்குக் கோட்டிங் இல்லாததால் சந்தனம் அங்கே மட்டும் நின்றது. மச்சான் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி உடைத்தான். குங்குமமும் சில்லறையும் போட்டு நிரப்பிய காய். சில்லறையில் ஒன்று தெறித்து வந்து முன் பம்பரில் ஒரு கோடு போட்டது. திருஷ்டி கழிந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

நான் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறதே.

"கீறலுக்கு வாரண்டி வராது சார். கார்டுக்குப் பின்னாடி போட்டிருக்கும் பாருங்க. எச்சத்துக்கு வராது, தண்ணிக் கறைக்கு வராது, ஆக்சிடெண்டுக்கு வராது. வருஷா வருஷம் இங்க வந்து மெயின்டெனன்ஸ் பண்ணலைன்னா எதுக்குமே வராது."

"நைன் ஹெச்னு சொன்னீங்களே தம்பி?"

"அது பென்சிலுக்கு சார். இது காசு."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, எதுவும் ஒட்டாதுன்னு சொல்றீங்களே, இதை அடுப்பு மேடைக்கு அடிப்பீங்களா? எண்ணெய்ப் பிசுக்குதான் போகவே மாட்டேங்குது."

"தாராளமா மேடம். கிரானைட், டைல்ஸ், சிங்க் எல்லாத்துக்கும் இருக்கு. ஆனா அடிச்சதுக்கப்புறம் ஒரு வாரம் தண்ணி படக் கூடாது, சூடு படக் கூடாது. சமைக்கவே கூடாது."

"அதை அப்படியே எங்க வீட்டுக்காரர் பேர்ல லெட்டரா குடுத்துடுங்க" என்றாள். "வருஷா வருஷம் பண்ணணும்னு சொன்னீங்கள்ல, அதையும் சேர்த்து எழுதுங்க."