செயலி சொன்ன யூரியா

2016-இல் மைக்ரோசாஃப்ட்டும் இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனமும் ஆந்திராவின் கர்நூல் பக்கத்து நிலக்கடலைக்காரர்களுக்கு, எப்போது விதைக்கலாம் என்று தெலுங்கில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தன. நெல்லுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது ‘ரைஸ் கிராப் மேனேஜர்’ செயலி. ரகம் என்ன, போன போகம் எத்தனை மூட்டை, பாசனம் எப்படி என்றெல்லாம் பெண் பார்க்க வந்தவர்போல் விசாரித்துவிட்டு, உரக் கணக்கைக் கிலோ சுத்தமாகச் சொல்லும்.

அதே ஆந்திராவின் தடா ஊருக்கு அது வந்து, தூர் கட்டும்போது இருபத்து மூன்றரை கிலோ யூரியா என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டையோ 45 கிலோ. அதுவும் கிடைத்தால்தானே! வரிசையில் செருப்பைப் போட்டு இடம்பிடித்து உள்ளே போனால், “நானோ யூரியா பாட்டிலும் எடுத்துக்கிட்டாத்தான் மூட்டை” என்பார் கடைக்காரர். செயலியின் கேள்விப் பட்டியலில் கடைக்காரர் இல்லை.

நிலப் பதிவில் சர்வே எண்ணைத் தட்டினால் வருவது சென்னையில் குடியிருக்கும் நிலக்காரர் பெயர். சேற்றில் நிற்பவர் குத்தகைக்காரர். ஆலோசனை அடுக்குமாடிக்குப் போகிறது. நிலக்காரரும் பொறுப்பாகப் போன் போடுகிறார்: “மேலுரம் போடணுமாம்ப்பா.”

“சரிங்க சார். அப்படியே ஒரு மூட்டையும் அனுப்பச் சொல்லுங்க.”