எண்ணூர் எறாவும் பர்மா அத்தோவும்

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குக் கூலி கைக்கு வரும் நாளில் வீட்டில் இரவு உலை வைக்க மாட்டார்கள். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து என்னையும் தங்கையையும் நடத்தியே கூட்டிப்போவார் அப்பா. செகண்ட் லைன் பீச் சாலையில் தள்ளுவண்டிகளின் மேல் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருக்கும். 1978, 79 வாக்கில் இருக்கும். "மூணு அத்தோ. புள்ளைங்களுக்குக் காரம் கம்மியா" என்பார். அவருக்கு மட்டும் காரம் தூக்கலாக.

வண்டியின் விளிம்பு என் மூக்குக்கு நேரே இருந்த வயது. கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். அதன்மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள், உப்பு. பிறகு புளித்தண்ணீர். கடைசியில் பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் கையாலேயே கலப்பார். விரல்களை அகல விரித்து, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி உதறுவார். ஒரு இழைகூட அறுபடாது, ஒரு இழைகூடக் கலவை ஒட்டாமல் மிஞ்சாது. மேலே மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி நீட்டுவார். கையால் கலப்பதற்குப் பர்மிய மொழியில் 'தோக்' என்று பெயர். அந்தச் சொல்தான் எங்கள் வாயில் அத்தோவாகிவிட்டது. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் திணித்துத் தருவதை அப்பா முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணை மூடி நான் பார்த்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அந்த வண்டிக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அப்பாதான் சொன்னார். 1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர விடவில்லை. வந்து இறங்கிய இடம் எங்கள் துறைமுகம். அவர்கள் பிழைக்கத்தான் 1969-இல் பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. எங்கள் தெருவிலேயே சிலர், "பர்மாக்காரன் கையால பிசையறத எப்படித்தான் தின்றீங்களோ" என்று முகம் சுளித்ததுண்டு. சோற்றையும் குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வந்துதான் அப்படிச் சொன்னார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

போன மாதம் என் மகளோடு அதே சாலைக்குப் போனேன். பெட்ரோமாக்ஸ் இல்லை, எல்இடி விளக்கு. வண்டியில் ஜிபே அட்டை தொங்குகிறது. போரூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் அத்தோ தின்னவே பைக்கில் வருகிறார்கள். கலக்குபவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "ரங்கூன் போயிருக்கியா தம்பி?" என்றேன்.

"தாத்தா சொல்லுவாரு அங்கிள். நான் பொறந்தது எர்ணாவூரு. காரம் தூக்கலா போட்டுடவா?"

போடச் சொன்னேன். புளித்தண்ணீர் அப்போது இன்னும் கெட்டியாக இருக்கும். மற்றபடி விரல்களை விரித்து உதறும் அந்தக் கணக்கு மாறவில்லை. வடசென்னைச் சாப்பாடு என்று யார் பேசினாலும் இன்று முதலில் சொல்வது அத்தோவைத்தான். வந்தவர்களின் சோறு ஊர்ச் சோறாகிவிட்டதில் எனக்கு நிறைந்த மனசு.

ஊரிலேயே பிறந்ததுதான் இப்போது ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அது எண்ணூர் எறா.

இறால் என்று எழுதினால் எனக்கு அந்த ருசி வராது, எறாதான். காலை எலக்ட்ரிக் ட்ரெயினில் எண்ணூரிலிருந்து கூடைக்காரம்மா வந்து இறங்குவார். எங்கள் வாசலில் கூடையை இறக்கும்போதே, "யக்கா, ஆத்து எறா, விடியக்காலம் எடுத்தது" என்று குரல் வரும். அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உடம்புக்குள் ஓடும் கறுப்பு நரம்பு வெளியே தெரியவேண்டும், தலை ஆடக்கூடாது, விரலில் ஒட்டும் வாசனையில் சேறும் உப்பும் இருக்கவேண்டும். மூன்றும் சரியென்றால்தான் பேரமே. அன்றைக்குச் சுரைக்காய் போட்டு எறாக் குழம்பு. தண்ணீரே ஊற்றமாட்டார், சுரைக்காய் விடுகிற நீரிலேயே எறா வேகும். அந்தக் குழம்புக்கு ஈடான ஓட்டலை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த ருசிக்குக் காரணம் உண்டு. எறா முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகளின் வேரடியில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் அதற்கு ஏற்ற தொட்டில். அங்கே இன்ன குப்பத்தார் இன்ன நாளில் வலை விடுவது என்று பாடு முறை வைத்துப் பங்கிட்டுப் பிடித்தார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி, பிடித்த எறாவை வாயில் கவ்விய பறிக்குள் போடுவார்கள். வலையே இல்லாத மீன்பிடிப்பு அது.

அந்த எறா ஊரைவிட்டுப் போவதில் எங்கள் ராயபுரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் மொட்டை மாடியில் வடாம் காயப்போட முடியாது. வெள்ளைத் துணிமேல் பிழிந்த வடாம் சாயங்காலம் மிளகு தூவினதுபோல் இருக்கும். டீக்கடையில் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டே குடித்துப் பழகினோம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதும் இங்கே நின்றன. தெருவே கொண்டாடியது. அம்மா அந்த வருஷம் ஐந்து படி அரிசிக்கு வடாம் போட்டார். அந்த நிலக்கரி போய்ச் சேர்ந்தது எண்ணூர்த் துறைமுகத்துக்கு. எங்கள் எறா வந்துகொண்டிருந்த அதே கழிமுகத்துக்குப் பக்கத்தில். இதைச் சேர்த்து யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆனது.

சென்னைத் துறைமுகம் எங்களுக்கு எப்போதுமே இப்படித்தான் கொடுத்திருக்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கிய அதன் கல்சுவர்கள் வடக்கே நகர்கிற மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள். திருவொற்றியூரில் அலைதடுப்புக் கருங்கற்களில் உட்கார்ந்து தின்கிறோம். அந்தச் சுண்டலும் நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும்.

எண்ணூருக்கு நிலக்கரி மட்டும் போகவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்காகக் கழிமுகத்தில் படிந்து, ஆழமான இடங்கள் மேடாகின. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் நேராகக் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், எல்லாம் கறுப்பு. அதற்குப் பின் பல மாதம் எண்ணூர் என்றாலே வாங்க ஆள் இல்லை. எங்கள் கூடைக்காரம்மாவின் மருமகளும் தொழிலை விட்டுவிட்டார்.

இப்போது நான் காசிமேட்டில் வாங்குவது பெரும்பாலும் நெல்லூர்ப் பக்கத்துப் பண்ணையில் வளர்த்த வனாமி எறா. ஒரே அளவு, ஒரே நிறம், ஐஸ் பெட்டியில் வருகிறது. கடிக்கும்போது பஞ்சுபோல் இருக்கிறது. அம்மா அதைக் குறை சொல்வதில்லை. ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சுரைக்காயை மட்டும் சாப்பிடுகிறார்.

சென்ற வாரம் எண்ணூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெண் சாக்கு விரித்து ஐந்தாறு கூறு வைத்திருந்தார். ஒரு கூறுக்கு முப்பது எறாகூட இருக்காது, எல்லாம் பொடிசு. "ஆத்துதுதானா யக்கா?" என்றேன். பதில் சொல்லாமல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பு நரம்பு தெரிந்தது.

இரண்டு கூறு வாங்கி வந்தேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண் சரியாகத் தெரியாது. கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவித் தடவி உரித்தார். பாதியில் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"முகத்துவாரம் தொறந்துதான் கெடக்குதா?"

"தூர்ந்து தூர்ந்து போவுதும்மா. வாரிக்கினு இருக்காங்க."

"தலையைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார் அம்மா. "தனியா எடுத்து வை. ரசத்துல போடலாம்."