விரட்டக் கூலி, கூப்பிடச் செலவு

கிளி விரட்டினால் எங்கள் ஊரில் கூலி உண்டு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே மரக்காலில் கம்பு அளந்து போடுவார்கள். அது எண்பதுகளில். இப்போது அதே ஊரில், அதே கிளிக்கு, நான் சூரியகாந்தி விதை வாங்கி வைக்கிறேன். விதை ஆன்லைனில் வருகிறது. விதை போட்டுத் தொங்கவிடும் கூண்டும் ஆன்லைனில்தான். அணில் ஏறவே முடியாத கூண்டு என்று அட்டைப்பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தான். எங்கள் அணிலுக்கு ஆங்கிலம் தெரியாது. வந்த வாரமே ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பெயர் வேண்டாம். சொன்னாலும் பயனில்லை, பஸ்ஸில் இன்று யாரும் ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் எடுப்பதில்லை. கம்பெனி பெயரைச் சொல்லி, இத்தனாவது கேட் என்று இறங்குகிறார்கள்.

அந்தக் காலத்துக் கிளி விரட்டும் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பு பால் பிடிக்கும்போது கொல்லையில் பரண் கட்டுவார்கள். மேலே ஒரு பையன், கையில் கவண், பக்கத்தில் மண்ணுருண்டை, தட்டுவதற்கு ஒரு டால்டா டின். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை ஒரு ஆட்டம், மாலையில் இன்னொரு ஆட்டம். தொண்ணூறுகளில் தொழில் நவீனமானது. டேப் ரெக்கார்டரில் சிக்கி நசுங்கிய கேசட்டுகளைப் பிரித்து, உள்ளிருக்கும் பழுப்பு நாடாவை உருவி, கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குச்சி குச்சியாக இழுத்துக் கட்டினோம். ஒரு முறுக்கு முறுக்கிக் கட்ட வேண்டும், அதுதான் சூட்சுமம். காற்றடித்தால் நாடா அதிர்ந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். வெயிலில் பளபளக்கவும் செய்யும். கிளி கிட்டே வராது. இளையராஜாவை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கிளிகளுக்குக் கேட்க வைத்தது நாங்கள்தான்.

எதிரிகளின் பட்டியலில் கிளியும் ஒன்று, அவ்வளவுதான். வேர்க்கடலையைத் தோண்டித் தின்ன நரி. தென்னையில் இளங்குரும்பையைக் கடித்துப்போட அணில். கள்ளுப்பானையில் வாய் வைக்க மரநாய். நாற்றங்காலில் எலி. எலிக்கு மட்டும் ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள். இருளர்கள் வந்து வரப்பை வெட்டி எலி பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கே. எலியிடமிருந்து வசூலித்த கூலி என்பதால் எங்கள் தாத்தாவுக்குக் கைக்காசு செலவில்லை.

ஆயாவின் தனிப்பட்ட விரோதி கீரி. புழக்கடையில் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதற்குள் ஒரு குஞ்சு போயிருக்கும். “அடிங்க! கோழிக் குஞ்ச தூக்கிகினு போவுதுடா, பார்த்துகினு நிக்கிறியே!” என்று விளக்குமாற்றோடு ஓடுவாள். கீரி முகத்தில் விழித்தால் நல்லது என்பதும் அதே ஆயாதான். விழிக்கலாம், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விழிக்க வேண்டும்.

நாங்கள் மிருகங்களுக்குப் போட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் கை நனைக்க முடியாது. வாசலில் அரிசி மாவுக் கோலம் எறும்புக்கு. ஆனால் இதையெல்லாம் மிருக நேசம் என்று யாரும் நினைக்கவில்லை. காக்கைக்கு வைத்தது செத்துப்போன கொள்ளுத்தாத்தாவுக்கு. அவர் வர நேரமானால் பசியில் எங்களுக்குக் கோபம் வரும்.

உண்மையான பிராணி போஜனம் பார்க்க வேண்டுமானால் திருக்கழுக்குன்றம் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்களை அழைத்துப்போனார்கள். மலைமேல் வேதகிரீஸ்வரர். உச்சிப்பொழுதுக்குக் குருக்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். இரண்டு கழுகு வரும். காசியில் குளித்துவிட்டு ராமேசுவரம் போகிற வழியில் இங்கே சாப்பாடு என்று கதை. நாங்கள் கருடனை எதிர்பார்த்தோம். வந்து இறங்கியது அழுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி, கோழி நடை. கையருகே வந்து பொங்கலைக் கொத்தித் தின்றுவிட்டு, அலகைப் பாறையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போனது. பறவைப் புத்தகங்கள் அதை மஞ்சள்முகப் பாறு என்கின்றன. செத்த மாடும் சாணமும் அதன் அன்றாடச் சாப்பாடு. நெய் சொட்டும் பொங்கல் விசேஷ அயிட்டம்.

இந்த விருந்து பல தலைமுறையாக நடந்தது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே திருக்கழுக்குன்றம் வந்து, ஒருக்கல் மண்டபத்துச் சுவரில் தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலாப் போன இடத்தில் பெயர் செதுக்குவது நம்மவர் கண்டுபிடிப்பு இல்லை என்று அதைப் பார்த்தபோது ஆறுதலாக இருந்தது. 1990களோடு கழுகுகள் வருவது நின்றுபோனது. அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக்கொத்தாக விழுந்தன. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மாட்டுக்கு அந்த மருந்தைப் போடக் கூடாது என்று 2006இல் தடை வந்தது. வேளை தவறாமல் பொங்கல் வைத்தும் மலைக்கு இப்போது கழுகு இல்லை. ஊருக்குப் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு அதுகூட இல்லை என்றேனே, அது நடந்த விதம் இப்படி. எங்களுக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர். 1991 மே 21க்குப் பிறகு வேறொன்றுக்காகவும் உலகத்துக்குத் தெரிந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடியும் போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் பெண் தொழிலாளர்களுக்கென்று திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். எங்கள் கழனி எந்த காம்பவுண்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே இப்போது ஏற்றுமதிக்கான வண்டிகள் நிற்கின்றன. குறை சொல்லவில்லை. நிலம் கொடுத்த பணத்தில் வீடு கட்டினோம், என் பிள்ளை அந்த கேட்டுக்குள்தான் வேலைக்குப் போகிறான். வாலாஜாபாத் சாலையில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டலில் சாப்பிட்டும் பார்த்தாயிற்று.

வீட்டுக்குப் பின்னால் பழைய புழக்கடையில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. ஒரு வேப்பமரம், ஒரு கொய்யா, சுற்றுச்சுவரை ஒட்டிச் சீமைக் கருவேலம். சுற்றிலும் கம்பெனிகள் புல்லை மட்டமாக வெட்டி வைத்திருக்கும் பிரதேசத்தில் இந்தத் துண்டுக்கு மிருகங்களிடையே நல்ல கிராக்கி.

முதலில் கீரி. ஆயாவிடம் விளக்குமாற்று அடி வாங்கிய கீரியின் பேரனோ கொள்ளுப்பேரனோ. என் மனைவி அதற்கு முட்டை வைக்கிறாள், அதுவும் நாட்டுக்கோழி முட்டை. எங்களுக்கு ஆம்லெட் போடுவது வெள்ளை முட்டையில். கீரி முட்டை உடைப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாயால் கடிக்க முயலாது. முன்னங்கால் இரண்டாலும் முட்டையைப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்று, காலிடுக்கு வழியாகப் பின்னால் வீசும். குறி தவறினால் ஓடிப்போய் உருட்டிக்கொண்டு வந்து மறுபடி வீசும். “நாங்க காலேஜ்ல ஆடுன கிரிக்கெட்ட விட இது பரவால்லப்பா” என்பது என் பிள்ளையின் அபிப்பிராயம்.

மயில் எங்கள் பால்யத்தில் முருகன் காலண்டரில்தான் இருந்தது. இப்போது தகர ஷெட்டின் மேல் தினமும் நிற்கிறது. நரி குறைந்து கருவேலம் பெருகியதால் மயில் பெருகியது என்கிறார்கள் ஊரில். அந்தக் கணக்கு எப்படியோ, வந்த மயிலுக்கு அரிசி போட்டோம். தோகை வளர்ந்த பருவத்தில் ஒருநாள் அது பிள்ளையின் புதுக் கறுப்புக் காரின் கதவில் இன்னொரு ஆண் மயிலைக் கண்டுபிடித்துவிட்டது. தன் நிழல் என்று தெரியாமல் அலகாலும் காலாலும் ஒரு மணி நேரச் சண்டை. கதவு முழுக்கக் கீறல். இன்ஷூரன்ஸ்காரருக்குப் போன் போட்டேன். “மோதுன வண்டி நம்பர் இருக்குங்களா சார்?” என்றார். மயில் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது 1963லிருந்து தேசியப் பறவை, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிரமுகர், அதன்மேல் கல் எடுத்து வீசக்கூட எனக்கு அதிகாரமில்லை என்று விளக்கினேன். படிவத்தில் ‘எதிர்த்தரப்பு’ என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்.

குரங்குகள் கடைசியாக வந்தன. பழைய கிராமத்தில் குரங்கு இல்லை. கம்பெனி கேன்டீன் மிச்சம், பிரியாணிக் கடை வாளி, காரை நிறுத்தி கிரீம் பிஸ்கட் நீட்டும் கைகள் என்று உணவு விரிந்த வழியில் அவை வந்து சேர்ந்தன. நாட்டுக் குரங்குதான். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இந்த இனம் இல்லை, இருப்பதும் குறைந்துவருகிறது என்று சர்வதேசப் பட்டியலில் எச்சரிக்கிறார்கள். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஒரு பெண் குரங்கு எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்து அவித்த கடலை தின்பதை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் தின்னவே இல்லை, கன்னத்துப் பைக்குள் அடைத்துக்கொண்டே போனது. முகம் இரண்டு பக்கமும் புடைத்ததும் சாவகாசமாக ஒரு கிளைக்கு நகர்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொரு கடலையாக வாய்க்குத் தள்ளி மென்றது. பறித்தது ஓரிடம், சாப்பிட்டது வேறிடம். கீழே வட்டிலில் சோறு வைத்து மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் எதிர்வீட்டு அம்மாள். சனிக்கிழமை அது அனுமார். ஞாயிற்றுக்கிழமை அவள் மருமகளின் கையிலிருந்த பையைப் பிடுங்கியபோது வெறும் குரங்கு.

இதே வாலாஜாபாத் சாலையில் வண்டலூர்ப் பக்கம் போனால் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1985லிருந்து அங்கேதான் இருக்கிறது. மிருகக்காட்சிசாலை விலங்குக்குத் தின்னக் கொடுப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். ஆகவே குடும்பத்தோடு உள்ளே போய், கூண்டுக் குரங்குக்கு ஒன்றும் போடாமல் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சாலையோரக் குரங்குக்கு மீதி சிப்ஸைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

வண்டலூருக்குத் தெற்கே இன்னொரு ஊர் இருக்கிறது, வேடந்தாங்கல். அங்கே ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்க் காகிதம் வாங்கி வந்தார்கள். பறவைக்கு அவர்கள் ஒரு பருக்கை போட்டதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் கழனிக்கு உரமாகப் பாய்ந்ததால் பறவைதான் அவர்களுக்குப் போட்டது. கெட்டிக்காரர்கள். நாங்கள் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயைத் தூர்த்துவிட்டு மாடியில் தட்டு வைத்திருக்கிறோம். எனக்கும் இதில் பங்கு உண்டு, பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது.

அதற்காகத் தட்டை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், நானும் எடுக்கப்போவதில்லை. வைப்பதானால் தண்ணீர் வையுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை சிப்காட் பக்கம் பறவைக்குக் கிடைக்காதது அதுதான். அகலமான மண்சட்டி போதும், ஆழம் வேண்டாம், அணில் விழுந்தால் ஏற நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்போல ஆனால் போதும். குப்பை வாளிக்கு மூடி போடுங்கள். குரங்குக்கு மட்டும் எதுவும் நீட்டாதீர்கள். மீறி நீட்டிக் கடி வாங்கினால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான் இதற்கும். அங்கே இலவசம்.