ஓடைக்கரை ஆச்சியும் ரிசார்ட் அருவியும்

‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமா? முதலில் நீங்கள் யார், அதைச் சொல்லுங்கள்.

குற்றாலத்தில் தார்ப்பாய் விரித்து மங்குஸ்தான் விற்கிறவர் என்றால், பொருள் ஒரே வரி: கடையை எடு. ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்ட ஆச்சி என்றால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே வீட்டுக்கு வரும். ஏழாம் பிரிவில் நோட்டீஸ், ஆறாம் பிரிவில் வெளியேற்றம். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் பி-மெமோ என்ற ஆக்கிரமிப்புத் தண்டச் சீட்டு. தண்டம் வாங்கிக்கொண்டு அரசு ரசீதும் கொடுக்கும். ஆச்சி அதைப் பட்டா என்று நம்பிப் பெட்டியில் பூட்டிவைப்பாள். ‘நான் ஆக்கிரமிப்பாளர்’ என்று காசு கட்டி எழுதிக்கொடுத்த வாக்குமூலம் அது என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவையும் புரட்டுங்கள். ஆற்றுப்படுகை, ஓடை, குளத்தோடு தேங்கிய நீரும் ஓடுகிற நீரும் சேர்த்து, வேறொருவர் உரிமை இல்லாத வரை, அரசின் சொத்து. அப்படியானால் மலையிலிருந்து வரும் தண்ணீரை மறித்து, தன் விடுதிக்குள் திருப்பி, ‘செயற்கை அருவி’ விழவைக்கிறவர் யார்? சுற்றுலாவை வளர்க்கும் தொழிலதிபர்! ஆச்சி போட்டால் குடிசை, அவர் போட்டால் ‘காட்டேஜ்’.

2022-இல் விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. நீரோட்டத்தைத் திருப்பிய விடுதிகளை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். அதுவரை அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அருவி என்ன, மடியில் முடிந்து ஒளித்துவைக்கும் சில்லறையா? அறை எடுத்துத் தங்கியவனுக்கெல்லாம் தெரிந்த அருவி, ஆச்சியின் குடிசையை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள் கண்ணில் மட்டும் படவில்லை!

சட்டமன்றம் 2023-இல் இன்னும் ஒரு படி ஏறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், உள்ளே நீர்நிலையும் அரசு நிலமும் இருந்தாலும் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கலாமாம். சட்டத்தின் பெயர் ‘நிலம் ஒருங்கிணைப்பு’. ஒரு சென்டில் ஒண்டினால் குற்றம். குளத்தோடு வளைத்துக் கேட்டால் திட்டம். ஆச்சியின் தவறு ஒன்றுதான்: சின்னதாக ஆசைப்பட்டுவிட்டாள்.

வருவாய்த் துறை அதிகாரிகளே, அடுத்த நோட்டீஸை மலையடிவாரத்து ரிசார்ட் கேட்டில் ஒட்டுங்கள். அதைச் செய்யும் வரை, ஆச்சியின் வாசலில் நின்று ‘ஆக்கிரமிப்பு’ என்று உச்சரிக்க உங்களுக்கு யோக்கியதை கிடையாது.