பிரார்த்தனை மட்டும் செய்கிறேன்

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனை வயதான காலத்தில் வாட்டி எடுத்தது வறுமையா, வியாதியா? இல்லை, தபால். 1809-ல் பதவியை விட்டு வர்ஜீனியாவின் மான்டிசெல்லோ மலைவீட்டில் போய் உட்கார்ந்தவரை ஊர் விடவில்லை. 1820-ல் மட்டும் 1,267 கடிதங்கள். அவரே எண்ணிப் பார்த்து, 1822-ல் பழைய நண்பர் ஜான் ஆடம்ஸிடம் மூக்கால் அழுத கணக்கு இது. தன் பிழைப்பு ஆலையைச் சுற்றும் குதிரையின் பிழைப்பாகிவிட்டதாம்.

குதிரையாம்! அந்தப் புலம்பலை அவர் எழுதிய மேசைக்கு அப்பால், ஜன்னலுக்கு வெளியே, கூலியில்லாமல் சாகும்வரை சுற்றிக்கொண்டிருந்த அவருடைய அடிமைகள் எத்தனை பேர்!

கடிதம் குவிந்ததில் ஆச்சரியமும் இல்லை. வாங்குகிறவர் தலையில் தபால் கூலியைக் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். முன்னாள் ஜனாதிபதிக்கு அதையும் நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு இனாமாக்கியிருந்தது. யாருக்கும் காசு செலவில்லை என்றால் எழுதக் கசக்குமா? வேலைக்குச் சிபாரிசு கேட்டவர்கள், தன் புத்தகத்துக்கு நாலு வார்த்தை பாராட்டு கேட்டவர்கள், அறிவுரை கேட்டவர்கள். பெரியவரும் சளைக்கவில்லை. பாலிகிராஃப் என்று ஒரு யந்திரம் வைத்திருந்தார். ஒரு பேனாவைப் பிடித்து இவர் எழுத, அதோடு பூட்டிய இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். வந்தது, போனது எல்லாவற்றுக்கும் தேதிவாரியாகப் பதிவேடு வேறு. தனக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு பத்திரமாகச் சேர்த்துவைத்த மனிதர் அபூர்வம்.

1814 ஜூலை 31 தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எட்வர்ட் கோல்ஸ், அதே வர்ஜீனியாவின் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, ஜனாதிபதி மாடிசனின் செயலாளர். அவர் சிபாரிசு கேட்கவில்லை. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை உங்களுடையது. அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க ஒரு திட்டம் போட்டு நீங்களே முன்னால் நில்லுங்கள் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 25-ல் பதில் போனது. எழுபத்தொரு வயதுக் கிழவனைப் போய்க் கவசம் மாட்டச் சொல்லலாமா? அது இளைஞர்கள் வேலை. நான் பிரார்த்தனை செய்கிறேன். நீயும் ஊரைவிட்டுப் போகாதே, உன் அடிமைகளுக்கு நன்றாகச் சோறும் துணியும் கொடு. சாரம் இதுதான்.

ஐயோ பாவம், தள்ளாத வயது! அடுத்த மாதமே அந்தத் தள்ளாத கிழவர் தன் நூலகத்தைக் காங்கிரஸுக்கு விற்கப் பேரம் தொடங்கினார். 6,487 புத்தகங்கள், 23,950 டாலர். பட்டியலை அவரே சரிபார்த்தார். 1819-ல் நடந்தது இதைவிட விசேஷம். போலந்து வீரர் கொஸ்சியுஸ்கோ, அடிமைகளை விலைகொடுத்து விடுவித்துப் படிக்கவைக்கத் தன் அமெரிக்கச் சொத்தை உயில் எழுதி இவர் பொறுப்பில் விட்டிருந்தார். ஜெஃபர்சனின் சொந்த அடிமைகளையும் அதில் மீட்கலாம். கைக்காசு ஒரு சல்லி போகாது. எனக்கு வயதாகிவிட்டது என்று அந்தப் பொறுப்பை உதறினார். அதே வருஷம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கட்டடத்துக்கு வரைபடம், பாடத்திட்டம், பேராசிரியர் தேடல் எல்லாவற்றுக்கும் முட்டியில் வலு இருந்தது. இந்த முதுமை ஆள் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது.

கோல்ஸ் அந்தப் புத்திமதியைக் கேட்கவில்லை. அதே 1819-ல் தன் அடிமைகளை அழைத்துக்கொண்டு இலினாய்ஸ் புறப்பட்டு, வழியில் ஒஹையோ ஆற்றின் மேலேயே விடுதலை சொன்னார். பிறகு அங்கே கவர்னராகி, அடிமைமுறையை நுழைக்கப் பார்த்தவர்களை 1824-ல் தோற்கடித்தார். பிரார்த்தனை பலித்தது என்று மான்டிசெல்லோவில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

1826 ஜூலை 4-ல் பெரியவர் கண்ணை மூடினார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. கடனோ ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மலைவீட்டிலேயே ஏலம் போட்டார்கள். விளம்பரத்தில் 130 மனிதர்களும், கால்நடையும், தானியமும், மேசை நாற்காலியும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். முதல் வரிசை மனிதர்களுக்கு, ஏனென்றால் அவர்களுக்குத்தான் நல்ல விலை.